துருவக் காற்று கொழும்புக்குத் தூசி கொண்டுவருமா?

கேள்வி, 2025 ஜனவரி 4

கொட்டாஞ்சேனையில் இருந்து எழுதுகிறேன். இரண்டு மூன்று நாளாகக் காலையில் துறைமுகத்துக் கிரேன்கள் மங்கலாகத்தான் தெரிகின்றன. மகளுக்கு இருமல். 2022 டிசம்பரில் பள்ளிக்கூடங்களை மூடினார்களே, அந்த மாதிரித்தான் இருக்கிறது. குடும்ப வாட்ஸ்அப்பில் ஒரு குரல்பதிவு வந்தது. துருவக் காற்று உடைந்து தெற்கே இறங்குகிறதாம், மேல்வானத்தில் மிதக்கும் தூசியை எல்லாம் அள்ளி இலங்கைக்கு மேலே கொட்டுகிறதாம். இதில் எவ்வளவு உண்மை? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஜனவரி 4, இரவு

உங்கள் மகளின் இருமலுக்கும் துருவத்துக்கும் சம்பந்தமில்லை. காலை வேளையில் பிள்ளையை வெளியே ஓடி விளையாட விடாதீர்கள், தெருப்பக்க யன்னலைச் சாத்தி வையுங்கள், நிற்காவிட்டால் டொக்டரிடம் காட்டுங்கள். விளக்கம் பிறகு வரட்டும்.

இந்த மாதங்களில் எங்களுக்குக் காற்று வடகிழக்கில் இருந்து வருகிறது. வங்காள விரிகுடாவைத் தாண்டி வரும்போது கங்கைச் சமவெளியின் அடுப்புப் புகை, வயல் எரித்த புகை, செங்கற்சூளை, அனல்மின் நிலையம் எல்லாவற்றின் மிச்சமும் கூடவே வரும். அதோடு கொழும்பின் சொந்த வாகனப் புகையும் சேர்கிறது. காற்று அசையாத விடியற்காலையில் இரண்டும் நிலத்தோடு ஒட்டிக் கிடக்கும். 2022 டிசம்பர் 8, 9இல் நடந்ததும் இந்த வகைதான். மாண்டஸ் புயல் தமிழ்நாட்டுக் கரையை நோக்கிப் போனபோது துணைக்கண்டத்தின் குளிர்ந்த, வறண்ட, அழுக்கான காற்றை எங்கள் பக்கம் இழுத்துவிட்டது. வடக்கிலும் கிழக்கிலும் நூற்றுக்கணக்கான மாடுகள் குளிரில் விறைத்துச் செத்தன. அது பூராவும் நிலத்தில் இருந்து சில கிலோமீற்றருக்குள் நடந்த சங்கதி.

குரல்பதிவில் சொல்லும் மேல்வானம், அதாவது படைமண்டலம், எங்கள் தலைக்கு மேலே 17 கிலோமீற்றரில்தான் தொடங்குகிறது. மழை, முகில், இடி எல்லாம் அதற்குக் கீழேயே முடிந்துவிடும். அந்த எல்லையில் குளிர் கிட்டத்தட்ட சைபருக்குக் கீழே 80 பாகை செல்சியஸ். அங்கே இருக்கும் தூசி எங்கள் தொண்டைக்கு நேரே இறங்கி வர வழியில்லை.

ஜனவரி 5

“அப்போ துருவச் சுழல் என்பதே பொய்யா?” என்று கேட்டிருக்கிறீர்கள். பொய்யில்லை. குளிர்காலத்தில் துருவத்தில் மாதக்கணக்காக வெயில் இல்லை. மேலே படைமண்டலத்தில் காற்று உறைநிலைக்கு வெகு கீழே போகிறது. அந்தக் குளிர்ந்த காற்றைச் சுற்றி, ஏறக்குறைய 60 பாகை அகலக்கோட்டில், மேற்கில் இருந்து கிழக்காக ஒரு பெருங்காற்று வளைய வருகிறது. அதுதான் துருவச் சுழல். அந்தாட்டிக்காவில் அதன் வேகம் மணிக்கு 200 கிலோமீற்றரைத் தாண்டுவது சாதாரணம். சில வருடங்களில் வடதுருவச் சுழல் கலைந்தோ இரண்டாகப் பிளந்தோ போகும். அப்போது அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பனி கொட்டும், செய்தியில் பெயர் அடிபடும். கொழும்பு இருப்பது 7 பாகை வடக்கில். அந்தக் குளிர் இங்கே வந்து சேராது.

ஆனால் “சம்பந்தமில்லை” என்று நேற்று எழுதியது இருமலைப் பற்றி மட்டும். கொழும்பின் மேல்வானத்துக்கும் துருவத்துக்கும் பெரிய கொடுக்கல்வாங்கல் உண்டு. அது குரல்பதிவு சொல்லும் திசைக்கு நேரெதிராக நடக்கிறது. அங்கிருந்து எங்களுக்கு வருவதில்லை, எங்களிடம் இருந்து அங்கே போகிறது. இதைப் பற்றி எழுத எனக்கு நிறைய இருக்கிறது, நேரம் கிடைக்கும்போது ஒவ்வொன்றாக எழுதுகிறேன்.

ஜனவரி 7

கிரக்கத்தோவாவில் இருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அந்தக் கதையில் இலங்கையும் இருக்கிறது.

1883 ஓகஸ்ட் 27. இந்தோனேசியாவின் சுந்தா நீரிணையில் கிரக்கத்தோவா எரிமலை வெடித்தது. சாம்பலும் கந்தக வாயுவும் படைமண்டலத்துக்குள் ஏறின. பெரிய சாம்பல் துண்டுகள் உடனே விழுந்துவிட்டன. நுண்ணிய துணிக்கைகள் மேலேயே நின்று, மத்தியகோட்டை ஒட்டிக் கிழக்கில் இருந்து மேற்காக ஓடத் தொடங்கின. இந்துசமுத்திரம், ஆபிரிக்கா, அத்திலாந்திக், பசுபிக் என்று உலகத்தைச் சுற்றிவர ஏறத்தாழ இரண்டு கிழமை. செப்டம்பர் இரண்டாம் வாரத்தில் இலங்கையிலும் சென்னையிலும் சூரியன் பச்சையாகவும் நீலமாகவும் தெரிந்தது. காலையும் மாலையும் சூரியன் அடிவானத்துக்குக் கிட்ட நிற்கும்போது நேரே வெறுங்கண்ணால் பார்க்கக்கூடிய மங்கிய பச்சை. ரோயல் சொசைட்டி 1888இல் வெளியிட்ட பெரிய அறிக்கையில் இப்பக்கத்து ஆட்கள் எழுதிக்கொடுத்த குறிப்புகள் இருக்கின்றன.

பச்சைக்குக் காரணம் துணிக்கைகளின் பருமன். சாதாரணத் தூசிப்படலத்தில் எல்லாப் பருமனும் கலந்திருக்கும், சூரியன் சிவக்கும். துணிக்கைகள் எல்லாம் கிட்டத்தட்ட ஒரே அளவாக, ஒரு மைக்ரோமீற்றர் அளவில் இருந்தால் சிவப்பு ஒளி கூடுதலாகச் சிதறிவிடும், பச்சையும் நீலமும் மிஞ்சும். அப்படி நடப்பது மிக அரிது.

நான் கவனிக்கச் சொல்வது இதற்குப் பிறகு நடந்ததை. அந்தத் தூசி மத்தியகோட்டோடு நின்றுவிடவில்லை. மெல்ல மெல்ல இரண்டு பக்கமும் விலகியது. நவம்பர் கடைசியில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் அந்திவானம் எரிந்தது. எங்கோ தீப்பிடித்துவிட்டது என்று நினைத்து நியூயோர்க் மாநிலத்தில் தீயணைப்பு வண்டிகளை ஓடவிட்டார்கள். எங்கள் தலைக்கு மேலே ஓடிய அதே தூசி மூன்று மாதத்தில் அங்கே போய்ச் சேர்ந்திருக்கிறது. அந்தக் காலத்தில் ஏன் அப்படிப் போகிறது என்று யாருக்கும் விளங்கவில்லை. விளங்க இன்னும் அறுபது எழுபது வருடம் பிடித்தது.

ஜனவரி 7, பின்னேரம்

நேரில் கண்டது உண்டா என்று கேட்கிறார் ஒருவர். உண்டு. 1991 ஜூனில் பிலிப்பைன்ஸில் பினாட்டுபோ வெடித்தது. அப்போது நான் வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜில் இருந்தேன். அந்த வருடக் கடைசியிலும் அடுத்த வருடத்திலும் பின்னேரங்களில் ரயில் பாதையைக் கடந்து கடற்கரைக் கல்லில் போய் இருப்போம். சூரியன் கடலுக்குள் போய் வெளிச்சம் குறைந்து, எழும்பலாம் என்று நினைக்கும் நேரத்தில் மேற்கு வானத்தில் ஒரு ஊதா நிறம் கிளம்பும். அடிவானத்தில் இல்லை, கொஞ்சம் உயரே. பத்து நிமிடம் நின்று கூடிப் பிறகு மங்கும். கீழே இருட்டிய பிறகும் 20, 25 கிலோமீற்றர் உயரத்தில் இருக்கும் படலத்தில் வெயில் படுகிறது என்பதை நான் பிறகுதான் படித்தேன். பினாட்டுபோ அனுப்பிய சல்பர் டயொக்சைட் 15 முதல் 20 மில்லியன் தொன். அது மேலே சல்பூரிக் அமிலத் துளிகளாக மாறி இரண்டு மூன்று வருடம் நின்றது. 1992இல் பூமியின் சராசரி வெப்பநிலை அரைப் பாகை அளவுக்குக் குறைந்தது.

ஜனவரி 8

“இரண்டு வருடம் விழாமல் எப்படி நிற்கும், ஈர்ப்பு இல்லையா?” நல்ல கேள்வி. என்னிடம் பௌதிகவியல் படிக்கும் உயர்தரப் பிள்ளைகளும் இதைத்தான் முதலில் கேட்பார்கள்.

கணக்குப் பார்ப்போம். ஆரை 0.1 மைக்ரோமீற்றர் உள்ள ஒரு அமிலத்துளி 20 கிலோமீற்றர் உயரத்தில் என்ன வேகத்தில் விழும்? ஸ்டோக்ஸின் விதியை எடுத்து, அந்த உயரத்தில் காற்று ஐதாக இருப்பதற்கான திருத்தத்தையும் போட்டால் நாளொன்றுக்கு நாலு மீற்றர் அளவில் வரும். வருடத்துக்கு ஒரு கிலோமீற்றர் சொச்சம். இப்போது எங்கள் தலைக்கு மேலே அதே உயரத்தில் காற்று என்ன செய்கிறது என்று பாருங்கள். அது மெதுவாக மேலே ஏறிக்கொண்டிருக்கிறது. செக்கனுக்கு ஒரு மில்லிமீற்றரில் நாலில் ஒரு பங்குதான். ஆனால் நாளொன்றுக்கு 20 மீற்றருக்கு மேலே வந்துவிடும். நாலு மீற்றர் விழுகிற துளியை இருபது மீற்றர் தூக்குகிறது காற்று. இங்கே அது விழவே மாட்டாது.

அப்படியானால் எங்கே விழும்? காற்று எங்கே இறங்குகிறதோ அங்கேதான். காற்று இறங்குவது நடு அகலக்கோடுகளிலும் துருவத்திலும். 1949இல் அலன் புரூவர் இங்கிலாந்துக்கு மேலே படைமண்டலத்தின் ஈரத்தை அளந்து, இவ்வளவு வறண்ட காற்று மத்தியகோட்டை ஒட்டிய அயனவலயத்தின் கடுங்குளிரான எல்லை வழியாக ஏறித்தான் வந்திருக்கவேண்டும் என்று சொன்னார். டொப்சன் ஓசோனை அளந்து அதே முடிவுக்கு வந்தார். இன்றைக்கும் அவர்கள் இருவர் பெயரால்தான் இந்தச் சுற்றோட்டத்தைச் சொல்கிறார்கள். அயனவலயத்தில் ஏறி, துருவப் பக்கம் போய், அங்கே இறங்கும். முழுச் சுற்றுக்கு வருடக்கணக்கு ஆகும்.

குரல்பதிவுக்கு இதுதான் என் முழுப் பதில். வாசல் இங்கே இருக்கிறது, இறங்குதுறை அங்கே இருக்கிறது.

ஜனவரி 8, இரவு

ஓசோன் பற்றிக் கேட்டவருக்குச் சுருக்கமாக. கொழும்புக்கு மேலே ஓசோன் ஏறத்தாழ 250, 260 டொப்சன் அலகு. அந்தாட்டிக்காவில் 220க்குக் கீழே போனால் ஓட்டை என்கிறார்கள். இங்கே குறைவாக இருப்பது ஓட்டையால் அல்ல. கீழே இருந்து ஓசோன் இல்லாத காற்று ஏறிக்கொண்டே இருப்பதால். ஓசோன் இங்கேதான் கூடுதலாக உண்டாகிறது, உண்டானது துருவப் பக்கம் போய்ச் சேர்கிறது. வெயிலில் நிற்கும்போது தொப்பி போடுங்கள்.

ஜனவரி 11

கொஞ்சம் விலகிப் போகிறேன், ஆனால் திரும்பி வருவேன்.

மேலே இருந்து விழும் தூசியைக் கையில் பிடிக்க முடியுமா என்று போன வருடம் பிள்ளைகள் கேட்டார்கள். நோர்வேயில் ஜொன் லார்சன் என்ற இசைக்கலைஞர் வீட்டுக் கூரைகளில் விண்தூசி தேடி, உண்மையிலேயே கண்டுபிடித்து, 2017இல் விஞ்ஞானிகளோடு சேர்ந்து கட்டுரையும் வெளியிட்டார். அதுவரை நகரத்தில் கிடைக்காது என்றுதான் எல்லாரும் நினைத்திருந்தார்கள். நாங்களும் எங்கள் மாடியில் தேடினோம்.

மழைக்குப் பிறகு பீலியில் தங்கும் கறுப்பு மண்டியை வாளியில் கரைத்தோம். ஒரு காந்தத்தைச் சொப்பின் பையால் சுற்றி உள்ளே விட்டுக் கிளறினோம். வெளியே எடுத்தபோது பையில் மயிர்மயிராகக் கறுப்பு ஒட்டியிருந்தது. காந்தத்தை உருவியதும் அது வெள்ளைக் கோப்பைத் தட்டில் கொட்டுப்பட்டது. நுணுக்குக்காட்டியில் வைத்துப் பார்த்தால் முக்கால்வாசி துருச் செதில். ரயில் பாதை பக்கத்திலேயே போவதால் தண்டவாளம் தேய்ந்த இரும்புச் சீவல் நிறைய. பிறகு, பார்த்தவுடன் பிள்ளைகள் கத்தியது, உருண்டைகள். பளபளவென்று, சிலவற்றுக்குச் சின்ன வால். அவை வெல்டிங் பொறி. கீழே கேற் செய்யும் கடை இருக்கிறது. ஒரேயொரு மணி மட்டும் பளபளக்கவில்லை. மங்கிய கருமை, மேற்பரப்பில் மெல்லிய வரிகள் பக்கம் பக்கமாக ஓடின. அதைத் தனியாகக் கண்ணாடியில் ஒட்டி வைத்திருக்கிறோம். விண்ணில் இருந்து வந்ததா என்று சொல்ல இலத்திரன் நுணுக்குக்காட்டியும் இரசாயனப் பகுப்பும் வேண்டும்.

இதை ஏன் எழுதுகிறேன்? அந்த மணியின் பருமன் மில்லிமீற்றரில் மூன்றில் ஒரு பங்கு. அந்த அளவுத் துணிக்கை 80 கிலோமீற்றரில் இருந்து ஒரு நாளுக்குள் நிலத்துக்கு வந்துவிடும். காற்று அதைக் கொஞ்சம் தள்ளும், அவ்வளவுதான். அதனால் அது ஒஸ்லோவிலும் விழும், வெள்ளவத்தையிலும் விழும். ஆயிரத்தில் ஒரு பங்கு பருமனுக்கு வந்தால் கதை தலைகீழ். அங்கே ஈர்ப்புக்குப் பேச்சில்லை, காற்று வைத்ததுதான் சட்டம்.

ஜனவரி 12

நேற்றைய தொடர்ச்சி. விண்ணில் இருந்து நாளொன்றுக்குப் பத்துக்கணக்கான தொன் தூசி பூமிக்குள் வருகிறது. அதில் ஒரு பங்கு 70 முதல் 110 கிலோமீற்றர் உயரத்தில் ஆவியாகிறது. இரும்பு, மக்னீசியம், சோடியம் அணுக்களாக நின்று, பிறகு ஒன்றோடொன்று ஒட்டிச் சில நனோமீற்றர் துணிக்கைகளாகின்றன. விண்கற்புகை என்று வைத்துக்கொள்வோம்.

இந்தப் புகை எங்கே போகும் என்பதைத் துருவங்கள் தீர்மானிக்கின்றன. படைமண்டலத்துக்கும் மேலே உள்ள இடைமண்டலத்தில் காற்று கோடைத் துருவத்தில் மேலே ஏறி, மத்தியகோட்டைத் தாண்டி, குளிர்காலத் துருவத்தில் இறங்குகிறது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை திசை மாறும். ஏறுகிற காற்று விரிந்து குளிர்வதால் கோடைத் துருவத்தின் 85 கிலோமீற்றர் உயரம்தான் பூமியின் வளிமண்டலத்திலேயே ஆகக் குளிரான இடம், சைபருக்குக் கீழே 130, 140 பாகை. ஆம், கோடையில். நடுராத்திரியிலும் வெயில் படுகிற இடத்தில். அங்கே விண்கற்புகைத் துணிக்கையில் பனி படிந்து இராவொளி முகில்கள் உண்டாகின்றன. முதல் தெளிவான குறிப்புகள் 1885 கோடையில், கிரக்கத்தோவாவின் அந்திச் சிவப்பைப் பார்க்க ஆட்கள் வானத்தை அண்ணாந்து பார்த்துப் பழகியிருந்த காலத்தில். கொழும்பில் இருந்து அவற்றைப் பார்க்கவே முடியாது.

மறுபக்கம், குளிர்காலத் துருவத்தில், அந்தப் புகை துருவச் சுழலுக்குள் இறங்குகிறது. சுழலுக்குள் எடுத்த மாதிரிகளில் துணிக்கைகளில் பெரும்பாலானவற்றுள் சூடாக்கியும் ஆவியாகாத ஒரு கரு இருந்தது. சுழலுக்கு வெளியே அப்படிப்பட்டவை குறைவு. 80 கிலோமீற்றரில் இருந்தது 20 கிலோமீற்றருக்கு வந்துசேர இந்த ஒரு வழிதான் விரைவான வழி.

ஜனவரி 15

பொங்கலுக்கு வீட்டில் ஆட்கள் நின்றதால் இரண்டு மூன்று நாள் எழுதவில்லை. அதற்குள் ஒருவர் நல்ல இடத்தில் பிடித்திருக்கிறார்: “காற்று இங்கே ஏன் ஏறுகிறது? வெயில் சூடாக்குவதாலா?”

8ஆம் திகதி எழுதியதை இங்கே இறுக்கிச் சொல்லவேண்டும். 17 கிலோமீற்றருக்குக் கீழே என்றால் ஆம், வெயிலும் இடிமழையும்தான் தூக்குகின்றன. அதற்கு மேலே அப்படியில்லை. படைமண்டலத்தில் மேலே போகப் போகச் சூடு கூடுகிறது, அதனால் காற்று தானாக ஏறாது. யாராவது இழுக்கவேண்டும். இழுப்பது குளிர்கால அரைக்கோளம்.

அது இப்படி நடக்கிறது. இமயம், ரொக்கி மாதிரி மலைத்தொடர்களும் நிலம், கடல் வெப்ப வேறுபாடும் ஆயிரக்கணக்கான கிலோமீற்றர் நீளமான அலைகளைக் காற்றில் எழுப்புகின்றன. மேலே காற்று மேற்கில் இருந்து வீசினால்தான் அவை படைமண்டலத்துக்குள் ஏறும் என்று 1961இல் சார்னியும் டிராசினும் காட்டினார்கள். குளிர்காலத்தில் துருவத்தைச் சுற்றி அந்த மேற்குக் காற்று இருக்கிறது. கோடையில் அது கிழக்குக் காற்றாகிவிடும், அலைகளுக்கு வழி அடைபடும். ஏறிய அலை உடைகிறது. உடையும்போது சுற்றுகிற காற்றை மெதுவாக்குகிறது. வேகம் இழந்த காற்று துருவப் பக்கம் நகர்ந்து அங்கே இறங்குகிறது. அது விட்ட இடத்தை நிரப்ப அயனவலயத்தில் காற்று மேலே வருகிறது. தம்பிலியில் ஸ்ட்ரோ போட்டு உறிஞ்சுவதுதான். வாய் துருவப் பக்கம், தம்பிலி எங்கள் பக்கம்.

இதற்குச் சாட்சி எங்கள் வானத்திலேயே இருக்கிறது. வட அரைக்கோளத்தில் மலையும் நிலமும் கூட என்பதால் அலையும் அங்கே பலம். அதனால் வடக்கின் குளிர்காலத்தில், அதாவது இந்த மாதங்களில், இழுவை கூடும். கொழும்புக்கு மேலே 17 கிலோமீற்றர் எல்லை வருடத்திலேயே ஆகக் குளிராக இருப்பதும் இப்போதுதான். கீழே நாங்கள் விசிறியைப் போட்டுக்கொண்டு இருக்கும்போது.

வடதுருவச் சுழல் திடீரென்று கலைந்தால் அங்கே படைமண்டலம் சில நாட்களுக்குள் 30, 40 பாகை சூடாகும். அதே நாட்களில் எங்கள் தலைக்கு மேலே கொஞ்சம் குளிரும், ஏற்றம் விரைவுபடும். ஆகவே துருவக் காற்று எங்கள் மேல்வானத்துத் தூசியைத் தொடுகிறது. கீழே தள்ளவில்லை, மேலே இழுக்கிறது.

ஜனவரி 15, சற்றுப் பிறகு

எதிர்த்திசையிலும் ஒன்று உண்டு. மத்தியகோட்டுக்கு மேலே 20, 30 கிலோமீற்றரில் காற்று ஏறக்குறைய 28 மாதத்துக்கு ஒரு முழுச் சுற்றாகக் கிழக்கும் மேற்குமாகத் திசை மாறி மாறி வீசுகிறது. 1960ஐ ஒட்டி அமெரிக்காவில் ரீடும் இங்கிலாந்தில் எப்டனும் தனித்தனியே கண்டுபிடித்தார்கள். அதைத் தொடர்ந்து அளந்த இடங்களில் ஒன்று எங்கள் பக்கத்து மாலைதீவின் கான் தீவு, 1967 முதல் 1975 வரை. பிறகு சிங்கப்பூர். இங்கே கிழக்குக் காற்று நடக்கும் குளிர்காலங்களில் வடதுருவச் சுழல் பலவீனமாக இருக்கும் என்று 1980இல் ஹோல்டனும் டானும் எழுதினார்கள். இதை வாசித்தபோது எனக்கு வந்த சந்தோசம் கொஞ்சநஞ்சமல்ல. கிரக்கத்தோவாவின் தூசி மேற்காக ஓடியது இந்தக் கிழக்குக் காற்றில்தான்.

ஜனவரி 17

சுழலின் விளிம்பைப் பற்றி. அந்த வேகக் காற்று ஒரு எல்லை. உள்ளே இருப்பது உள்ளேயே இறங்கும், வெளியே இருப்பது வெளியே காத்திருக்கும். 2022 ஜனவரி 15இல் தொங்காவின் கடலடி எரிமலை தன் புகையை 57 கிலோமீற்றர் உயரம் வரை அனுப்பியது, கிட்டத்தட்ட 150 மில்லியன் தொன் நீராவியோடு. அந்த வருடம் தென்துருவச் சுழல் உருவாகிய பிறகுதான் அது தெற்கே போய்ச் சேர்ந்தது, விளிம்போடு நின்றது. உள்ளே போனது அடுத்த வருடம், 2023இல்.

நேரத்துக்குப் போய்விட்டால் என்ன நடக்கும் என்பதற்கு உதாரணம் 2015. ஏப்ரலில் சிலியில் கல்புகோ வெடித்தது. அதன் கந்தகத் துளிகள் சுழலுக்குள் சிக்கின. ஒக்டோபரில் அந்தாட்டிக்க ஓசோன் ஓட்டை அந்த மாதத்துக்கு அதுவரை காணாத அளவுக்கு விரிந்தது. துணிக்கை தானாக ஓசோனைத் தின்பதில்லை. சைபருக்குக் கீழே 78 பாகைக்கு இறங்கியதும் துருவப் படைமண்டல முகில்கள் உண்டாகின்றன. அவற்றின் பரப்பிலும் அமிலத் துளிகளின் பரப்பிலும் நாங்கள் ஸ்பிரே டின்னிலும் பழைய பிரிஜ்ஜிலும் விட்ட குளோரின் விழித்துக்கொள்கிறது. வசந்தகால வெயில் பட்டதும் வேலை தொடங்கும். பரப்பு கூடினால் அழிவும் கூடும்.

2002 செப்டம்பரில் அந்தாட்டிக்கச் சுழல் இரண்டாகப் பிளந்தது, கூடவே ஓட்டையும் இரண்டானது. தெற்கில் அப்படி நடந்ததை அதற்கு முன் யாரும் கண்டதில்லை.

ஜனவரி 18

“துருவக் காற்று என்று ரொக்கெட் அனுப்பி அளந்தார்களே” என்று இணைப்பு போட்டவருக்கு: அது வேறு. காந்தக் கோடுகள் திறந்திருக்கும் துருவத்தின் மேலே, நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் உயரத்தில், ஐதரசன், ஒட்சிசன் அயன்கள் விண்வெளிக்குத் தப்பி ஓடுகின்றன. 1968இல் இயன் அக்ஸ்போர்ட் என்ற விஞ்ஞானி சொன்னது. 2022 மே 11இல் ஸ்வால்பார்ட்டில் இருந்து போன எண்டியூரன்ஸ் ரொக்கெட் 768 கிலோமீற்றர் வரை ஏறி, அவற்றைத் தூக்கும் மின்னழுத்தத்தை அளந்தது. வெறும் 0.55 வோல்ட்! கைக்கடிகார பற்றரியின் பாதிகூட இல்லை. முடிவு 2024இல் வெளியானது. தூசிக்கும் அதற்கும் தொடர்பில்லை, ஆனால் அழகான விஷயம்.

ஜனவரி 20

இந்த இழையில் எனக்கு ஆக முக்கியமானது இனித்தான்.

மேலே விட்டது எங்கே இறங்கும் என்று மனிதர் தெரிந்துகொண்டது பெரும்பாலும் தாங்கள் கொட்டிய குப்பையை வைத்து. 1958 ஓகஸ்டில் அமெரிக்கா பசுபிக்கில் ஜோன்ஸ்ரன் தீவுக்கு மேலே 43 கிலோமீற்றரில் அணுகுண்டு வெடித்தது. அதன் கதிரியக்கக் கழிவான ரோடியம்-102 துருவக் குளிர்காலங்களில் கீழே வந்தது. 1964 ஏப்ரலில் சுற்றுப்பாதையை எட்டாத ஒரு அமெரிக்கச் செய்மதி இந்துசமுத்திரத்தின் தென்மேற்கே எரிந்தது. உள்ளே மின்சாரத்துக்கு ஏறத்தாழ ஒரு கிலோ புளூட்டோனியம்-238. எரிந்துபோகட்டும் என்றே வடிவமைத்திருந்தார்கள். எரிந்தது, தூசியானது, வருடக்கணக்காகக் காற்றோடு சுற்றி உலகம் முழுக்க, கூடுதலாகத் தென் அரைக்கோளத்தில் படிந்தது. அதற்குப் பிறகுதான் அந்த வகை மின்பிறப்பாக்கிகளை எரியாமல் முழுதாக விழும்படி செய்யத் தொடங்கினார்கள்.

இப்போது அலுமினியம். 2023 தொடக்கத்தில் அமெரிக்க விஞ்ஞானிகள் அலாஸ்காவில் இருந்து உயரப் பறக்கும் விமானங்களை அனுப்பினார்கள். ஏன் அலாஸ்கா? மேலே எரிந்தது துருவச் சுழலோடு இறங்கி, விமானத்துக்கு எட்டும் உயரத்துக்கு வருவது அங்கே என்பதால். 120 நனோமீற்றருக்குப் பெரிய சல்பூரிக் அமிலத் துணிக்கைகளில் சுமார் பத்து வீதத்தில் செய்மதிகளும் ரொக்கெட்டுகளும் எரிந்த உலோகம் இருந்தது. அலுமினியம், லித்தியம், செம்பு. நயோபியமும் ஹாப்னியமும்கூட. இவை இரண்டும் ரொக்கெட் உலோகக் கலவையில் சேர்ப்பவை, விண்கல்லில் இருந்து இந்த அளவில் வர வழியில்லை.

செய்மதிகளை ஐந்தாறு வருடத்தில் எரித்துவிடும்படி ஆயிரக்கணக்கில் அனுப்புகிறார்கள். எரிந்தால் குப்பை போய்விட்டது என்பது அவர்கள் கணக்கு. அது போகவில்லை. ஓசோன் அழிகிற இடத்துக்கே, அழிவுக்குத் தேவையான பரப்பாக, போய்ச் சேர்கிறது. இதன் விளைவை அளந்து முடிக்கும் முன்னரே எரிப்பது கூடிக்கொண்டு போவதை என்னால் ஏற்கமுடியாது. 1985இல் பார்மனும் தோழர்களும் அந்தாட்டிக்காவின் ஹாலி பே நிலையத்தில் அளந்த ஓசோன் ஓட்டையை வெளியிட்டார்கள், இரண்டே வருடத்தில் ஓசோனை அழிக்கும் வாயுக்களைக் கட்டுப்படுத்தும் மொன்றியல் உடன்படிக்கை வந்தது. அதே அவசரம் இதற்கும் வேண்டும்.

ஜனவரி 21

“எங்கள் ராவணா-1உம் அப்படிப் போயிருக்குமா?” கேட்ட தம்பிக்கு நன்றி, நேற்று இரவு முழுக்க இதைத்தான் யோசித்தேன்.

ராவணா-1 இலங்கையின் ஒரு சின்னச் செய்மதி, ஒரு கிலோ சொச்சம். 2019 ஜூனில் சர்வதேச விண்வெளி நிலையத்தில் இருந்து விடப்பட்டது, 2021இல் எரிந்தது. இவ்வகைச் சின்னச் செய்மதிகளின் சட்டகம் பெரும்பாலும் அலுமினியம். அதன் பாதை மத்தியகோட்டில் இருந்து வடக்கும் தெற்கும் 51.6 பாகை வரை போய்வந்தது. எரிவது 60 முதல் 80 கிலோமீற்றரில் என்று வையுங்கள். அது இடைமண்டலம், 12ஆம் திகதி எழுதிய ஓட்டம் நடக்கும் இடம். எந்த மாதத்தில் எரிந்தது என்பதைப் பொறுத்துத் துருவம் மாறும். ஒக்டோபர் என்றால் ஓட்டம் வடக்கே திரும்பியிருக்கும், முதற்பங்கு ஆர்க்டிக் சுழலுக்குள் இறங்கியிருக்கும் என்பது என் கணிப்பு. மே, ஜூன் என்றால் அந்தாட்டிக்கா.

உயர்தரப் பிள்ளைகளுக்கு இதையே இந்தக் கிழமை கணக்காகக் கொடுக்கப் போகிறேன். தரவு: 300 கிராம் அலுமினியம் முழுவதும் ஒட்சைட்டாகி, ஆரை 10 நனோமீற்றர் உருண்டைகளாகிறது, அடர்த்தி கன சென்ரிமீற்றருக்கு 4 கிராம். மொத்தப் பரப்பு எத்தனை சதுர மீற்றர்? முதலில் விடையை ஊகித்து எழுதிவிட்டுப் பிறகு செய்யுங்கள். இங்கே போடுகிறவர்கள் வழியையும் சேர்த்துப் போடுங்கள், வெள்ளிக்கிழமை பார்க்கிறேன்.